எண்ணெயைவிடக் கனக்கிறது பார்சல் கூலி!

‘இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்றால் விவசாயிக்கு லாபம்.’ இந்த வார்த்தையைக் கேட்காத விவசாயி இன்று இருக்க முடியாது. கூட்டங்களில் சொல்கிறார்கள். பயிற்சிகளில் சொல்கிறார்கள். இந்த இதழின் கேள்வி பதில் பகுதியிலும், ‘எண்ணெய், தேன், மாம்பழத்தை வீடுகளுக்கே அனுப்பி விற்பது எப்படி?’ என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆறு வருடமாக அதைச் செய்துவரும் குடும்பம் என்ற முறையில், எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். நேரடி விற்பனை நல்லதுதான். ஆனால், தரகர் முன்வாசல் வழியாக வெளியே போனால், பார்சல் கூலி கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு எவ்வளவு சோறு போடுகிறோம் என்று கணக்குப் பார்க்காவிட்டால், உழைப்பு முழுக்க அதன் வயிற்றுக்குத்தான் போகும்.

எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். மூன்றரை ஏக்கர் நிலம். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப்பட்டத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் நிலக்கடலை போடுகிறோம். முன்பெல்லாம் காயை அப்படியே மூட்டை பிடித்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோவோம். 2019-ல்தான் மரச்செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்க ஆரம்பித்தோம். எங்கள் கடலை போதாததால் பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் பருப்பு வாங்குகிறோம். கணவர் வயலையும் செக்கையும் பார்த்துக்கொள்வார். பாட்டிலில் ஊற்றுவது, பெட்டி கட்டுவது, போன் எடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் நானும் அத்தையும்.

ஒரு லிட்டர் எண்ணெயின் கணக்கு

முதலில் ஒரு லிட்டருக்கு என்ன செலவு என்று பார்த்துவிடலாம். எங்கள் செக்கில் ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ பருப்பு பிடிக்கிறது. கிலோ 110 ரூபாய் என்று வைத்தால் 275 ரூபாய். ஆட்டுக்கூலி 30. பாட்டில், மூடி, லேபிள் 18. மொத்தம் 323 ரூபாய். மிஞ்சும் புண்ணாக்கு 1.4 கிலோ. கிலோ 45 ரூபாய் என்றால் 63 ரூபாய் திரும்பி வருகிறது. ஆக, அடக்கம் 260 ரூபாய். நாங்கள் விற்பது 320-க்கு. லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது. இதில்தான் எங்கள் இரண்டு பேர் கூலியும், கசிவும், கழிவும், போன் செலவும் அடங்க வேண்டும்.

ஆரம்பித்த வருடம் சென்னைக்கு ஒரு லிட்டர் பார்சல் அனுப்ப 55 ரூபாய் ஆனது. வாடிக்கையாளரிடம் 60 ரூபாய் வாங்கினோம். எங்களுக்குச் சுமை இல்லை. அதற்குப் பிறகு கூலி படிப்படியாக ஏறியது. இப்போது அதே ஒரு லிட்டருக்குச் சென்னை வரை 110 ரூபாய். கன்னியாகுமரி, தென்காசி பக்கமென்றால் 140, 150 வரை போகிறது. நாங்கள் வாங்குவது மட்டும் அதே 60 ரூபாயில் நின்றது. ‘320 ரூபாய் எண்ணெய்க்கு 110 ரூபாய் கூலியா?’ என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார்களே என்ற பயம்தான் காரணம்.

போன வருடம் ஒரு மாதத்துக் கணக்கை அப்படியே தருகிறேன். அந்த மாதம் 96 பார்சல்களில் 118 லிட்டர் போனது. கூரியருக்குக் கட்டியது 11,904 ரூபாய். வாடிக்கையாளர்கள் தந்த கூலி 5,760 ரூபாய். மீதி 6,144 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. 118 லிட்டரில் கிடைத்த லாபம் 7,080 ரூபாய். கழித்தால் 936 ரூபாய். 96 அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் பெட்டிக்கு 14 ரூபாய் வீதம் 1,344 ரூபாய். ஆக 408 ரூபாய் நஷ்டம். மாதம் முழுக்க இரவு பத்து மணி வரை பெட்டி கட்டியதற்குக் கிடைத்த சம்பளம் இதுதான்.

அன்று ராத்திரி அத்தை நோட்டைப் பார்த்துவிட்டு, “காயாவே மூட்டை கட்டிப் போட்டிருந்தா, கை வலியாவது மிஞ்சாம இருந்திருக்கும்” என்றார். கணவர், “ஒரு வெள்ளாமை பார்ப்போம். சரிப்படலைன்னா மறுபடியும் மூட்டையாவே போட்டுடலாம்” என்றார். மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். செக்கு எண்ணெய் வருமானத்தை நம்பித்தான் அவளைச் சேர்த்திருந்தோம். அதனால், விடுவதா தொடர்வதா என்பது எங்களுக்கு விளையாட்டுப் பேச்சாக இல்லை.

கூலி ஏன் ஏறுகிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 ஜூனில் சென்னையில் டீசல் லிட்டர் 60 ரூபாய்க்குள் இருந்தது. 2024-ல் 92 ரூபாயைத் தாண்டிவிட்டது. லாரிக்காரர் அதைத் தன் தலையில் வைத்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது, கூரியர் கட்டணத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. பதிவு செய்த பெரிய வியாபாரி இந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். பதிவு இல்லாத சிறு விவசாயிக்கு அது முழுக்கச் செலவுதான்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அதில் வரும் எண், தராசு காட்டும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 

‘பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடி பாட்டிலில் அனுப்புங்கள்’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம். கண்ணாடி பாட்டில் அரை கிலோ. உடையாமல் இருக்க வைக்கும் அட்டை, பேப்பர், பெட்டி 350 கிராம். மொத்தம் 1.76 கிலோ. நான்கு பக்கமும் பஞ்சுபோல அடைக்க இடம் விட்டால் பெட்டி 20-க்கு 20-க்கு 38 ஆகிவிடும். பெருக்கி வகுத்தால் 3.04 கிலோ! எண்ணெயின் எடையைப்போல மூன்று மடங்குக்குக் கூலி கட்டுகிறோம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காற்றுக்குக் கொடுக்கும் கூலி.

அளவில் தகராறும் வரும். ஒருமுறை ஒரு கூரியர் நிறுவனம், நாங்கள் அனுப்பிய பெட்டிகளின் அளவு கூடுதல் என்று சொல்லி, முன்பணத்திலிருந்து கேட்காமலே பிடித்துக்கொண்டது. அளவு நாடாவைப் பெட்டியின் மேல் வைத்து எடுத்த போட்டோக்களை அனுப்பி, ஐந்தாறு முறை போன் செய்த பிறகு பாதி திரும்பி வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் நாடாவோடும் தராசோடும் போட்டோ எடுக்காமல் அனுப்புவதில்லை. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் முறையையும் நிறுத்திவிட்டோம். வீட்டில் ஆள் இல்லை என்று பார்சல் திரும்பினால், போன கூலி, வந்த கூலி இரண்டும் நம் தலையில்தான்.

கலிபோர்னியாவிலும் இதே கதை

போன பொங்கலுக்கு என் சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். திண்ணை நிறையப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “அக்கா, எங்க ஊர்ல ஒயின் பண்ணுறவங்க பாடும் இதேதான்” என்றான். நாப்பா, சொனோமா, லோடை என்று திராட்சைக்குப் பேர்போன பகுதிகள் கலிபோர்னியாவில் இருக்கின்றன. சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்யும் சிறு குடும்பங்கள் அங்கே நிறைய. மொத்த வியாபாரிகள் பெரிய ஆலைகளின் சரக்கைத்தான் விரும்பி எடுப்பார்கள் என்பதால், சின்ன ஆலைக்காரர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பிப் பிழைக்கிறார்கள்.

மதுவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். எண்ணெயோ ஒயினோ, பாட்டில் பாட்டில்தான். அங்கே ஒரு பாட்டில் 750 மில்லி. உள்ளே இருப்பது முக்கால் கிலோ, கண்ணாடி சுமார் அரை கிலோ. 12 பாட்டில் பெட்டி 16 கிலோவைத் தொடுகிறது. அரசுத் தபாலில் மது அனுப்ப அனுமதி இல்லை. அதனால் யு.பி.எஸ், ஃபெடெக்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டும். இந்த இரண்டு பெரிய நிறுவனங்களும் 2024, 2025 இரண்டு வருடமும் பொதுக் கட்டணத்தைச் சராசரியாக 5.9 சதவிகிதம் உயர்த்தின. எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம் தனி. 21 வயது நிறைந்த ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியைக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்துக்கும் தனிக் கட்டணம். கோடை வெயிலில் ஒயின் கெட்டுவிடும் என்பதால், ஐஸ் வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெயில் தணியும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

நேரடியாக அனுப்பும் உரிமையையும் அவர்கள் சும்மா பெறவில்லை. ஒரு மாநிலம் தன் ஊர் ஆலைகளுக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்ப அனுமதி கொடுத்து, வெளிமாநில ஆலைகளைத் தடுக்கக் கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகும் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம், தனி வரி. வழக்கில் ஜெயித்த வழியில் இப்போது கூலி வந்து மறிக்கிறது.

“அப்புறம் எப்படிடா பிழைக்கிறாங்க?” என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் எங்களுக்கு வழி காட்டியது. “அவங்க கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு பாட்டிலா அனுப்பிட்டிருக்க மாட்டாங்கக்கா. சங்கம் மாதிரி ஆள் சேர்த்துக்கிட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை, நாலு தடவை, தேதி சொல்லி மொத்தமா அனுப்புவாங்க. பக்கத்துல இருக்கிறவங்க தோட்டத்துக்கே வந்து வாங்கிட்டுப் போவாங்க.”

லிட்டரை எண்ணாதே, வாசலை எண்ணு

அவன் போன பிறகு நோட்டை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை எத்தனை லிட்டர் போனது என்று பார்க்காமல், எத்தனை வாசலுக்குப் போனது என்று எண்ணினேன். 118 லிட்டர் 96 வாசலுக்குப் போயிருந்தது. பார்சல் கூலி லிட்டருக்கு விழுவதில்லை. வாசலுக்குத்தான் விழுகிறது.

ஒரே வாசலுக்கு அதிகம் போனால் கூலி எப்படிக் கரைகிறது பாருங்கள். தனியாக ஒரு லிட்டர் கூரியரில் சென்னைக்கு 110 ரூபாய். ஐந்து லிட்டர் டின்னாகப் போனால் 190 ரூபாய், அதாவது லிட்டருக்கு 38. ஒரு லிட்டர் பாட்டில்கள் 15 வைத்துக் கட்டிய 15 கிலோ பெட்டியை லாரி பார்சல் சர்வீஸில் போட்டால், வீட்டு டெலிவரியோடு 250 ரூபாய். லிட்டருக்கு 17 ரூபாய்கூட இல்லை.

அதன்படி முறையை மாற்றினோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகிறோம். தேதியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். கூரியரில் குறைந்தது ஐந்து லிட்டர். கூலி எவ்வளவோ அதைத் தனியாக பில்லில் காட்டி வாங்கிக்கொள்கிறோம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் வேண்டுபவர்களுக்கு அவர்கள் பகுதியிலேயே ஒரு ‘மையவீடு’. 15 பாட்டில் பெட்டி அங்கே இறங்கும். சுற்றியுள்ளவர்கள் நடந்து வந்து எடுத்துக்கொள்வார்கள். லிட்டருக்கு 20 ரூபாய் மட்டும் கூலி. மையவீட்டுக்காரருக்கு ஒரு லிட்டர் இலவசம். டின்னைத் திறந்து ஊற்றிக்கொடுக்கும் வேலையே கிடையாது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது. லேபிள் ஒட்டி, மூடி சீல் வைத்த பாட்டிலாகத்தான் போக வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

முதல் மையவீடு தாம்பரத்தில் அமைந்தது. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஐந்து வருடமாக மாதம் ஒரு லிட்டர் வாங்கியவர். இனிமேல் ஒரு லிட்டராக அனுப்ப முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். “ஏம்மா, இதைச் சொல்றதுக்கா இவ்வளவு இழுத்தே? என் வராந்தா சும்மாதானே கிடக்கு, பெட்டியை இங்கே இறக்கு” என்றார். இன்று அந்த வராந்தாவிலிருந்து 28 வீடுகளுக்கு எண்ணெய் போகிறது. சாயங்காலம் நாலு பேர் வந்து பேசிவிட்டுப் போவது அவருக்கும் பிடித்திருக்கிறது.

கடைசியாக அனுப்பிய இரண்டு மாதக் கணக்கு இது. ஐந்து மையவீடுகளுக்கு 10 பெட்டிகள், 150 பாட்டில்கள். அதில் 5 இலவசம், 145 விற்பனை. ஐந்து லிட்டர் டின் 12, அதாவது 60 லிட்டர். மொத்த விற்பனை 205 லிட்டர். லாபம் 12,300 ரூபாய். லாரிக்குக் கட்டியது 2,500. வாடிக்கையாளர்கள் தந்தது 2,900. அதில் 400 மிச்சம். இலவச பாட்டில்களின் அடக்கம் 1,300, அட்டைப்பெட்டிகள் 640 ரூபாய் கழித்தால் கையில் நின்றது 10,760 ரூபாய். பழைய முறையில் இதைவிட அதிக லிட்டர் விற்று நஷ்டப்பட்டோம்.

விட்டுப்போனவர்கள்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. சுமார் 30 வீடுகள் எங்களை விட்டுப் போய்விட்டன. சிலருக்கு ஐந்து லிட்டர் அதிகம். சிலர் ஊரில் மையவீடு அமையவில்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு பெரியவர், இதய வைத்தியம் பார்த்துக்கொண்டவர், “நீங்க அனுப்புற எண்ணெய் மேல ஒரு நம்பிக்கை இருந்துச்சு” என்றார். அவருக்கு மட்டும் தனியாக அனுப்பலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். ஒருவருக்கு அனுப்பினால் அடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில், அவர் ஊர்ப்பக்கம் செக்கு வைத்திருக்கும் ஒருவரை விசாரித்து, “ஐயா, நேரில் போய் ஆட்டுவதைப் பார்த்து வாங்குங்கள்” என்று சொன்னேன். ஒரு வாடிக்கையாளரை நாமே இன்னொருவருக்கு அனுப்புவது வியாபாரத்தில் சேர்த்தியில்லைதான். ஆனால் 600 கிலோமீட்டர் தாண்டி ஒரு லிட்டர் எண்ணெய் போவதைவிட, அவர் ஊர் விவசாயிக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைப்பது நல்லது என்று தோன்றியது. நம் பக்கத்து ஊரில் வெளியூர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருப்பவர்களும் அப்படி நமக்குக் கிடைப்பார்கள். இப்போது நாங்கள் திருவண்ணாமலை, ஆரணி, வேலூர் என்று பக்கத்து ஊர்களில்தான் புது ஆட்களைத் தேடுகிறோம். அங்கெல்லாம் கணவர் பைக்கிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்.

பெங்களூரிலிருந்தும் ஆர்டர் கேட்கிறார்கள். எண்ணெய் வரிக்கு உட்பட்ட பொருள். விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வெளிமாநிலத்துக்கு விற்க ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். மாதாமாதம் அந்தக் கணக்கையும் சுமக்க எங்களுக்குத் தெம்பு இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டோம்.

நேரடி விற்பனையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பொருளுக்கு விலை வைக்கும் முன்பு, அதைப் பெட்டியில் கட்டி, தராசில் வைத்து, நாடாவால் அளந்து, உங்கள் ஊரில் இருக்கும் கூரியர், தபால், லாரி பார்சல் மூன்றிலும் கூலி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூலியை விலைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். தனியாகக் காட்டினால் வாங்குபவரே பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு வருவார். கூலி ஏறும்போது நீங்கள் தனியாகத் தாங்க வேண்டியும் இருக்காது. மாதக் கடைசியில் எத்தனை லிட்டர் விற்றோம் என்பதோடு, எத்தனை வாசலுக்கு அனுப்பினோம் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணை நெருங்கிக்கொண்டே வந்தால், நீங்கள் உழைப்பது கூரியர்காரருக்காக.

மகள் இந்த வருடம் கடைசி வருடம் படிக்கிறாள். பெட்டி கட்டும் ராத்திரிகள் மாதம் முழுக்க இருந்தது போய், இரண்டு மாதத்துக்கு மூன்று ராத்திரி என்று ஆகிவிட்டது. அத்தைக்குக் கை வலி குறைந்திருக்கிறது. அடுத்த பெட்டிகள் தை கடைசியில் கிளம்புகின்றன. வேளச்சேரியில் ஆறாவது மையவீட்டுக்கு ஒருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார்.